பின்னின்று காத்தவர்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, தன் வழியில் எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து செல்கின்றது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன அவை. புதிதாக வந்து பார்ப்பவர்க்கு அணையின் தொழில் நீரைத் தடுப்பதே என்று தோன்றும். அவ்வாற்று நீரால் காரும் பிசானமும் விளைக்கும் திருநெல்வேலி உழவர் அங்ஙனம் நினைப்பதில்லை. இவ்வணைகள் ஆற்றை நிறுத்திவிடுவன அல்ல. பாய்ந்துவரும் நீரை எதிர்கொண்டு, அதன் வேகத்தைத் தணித்து, வேண்டிய அளவு கால்வாயில் திருப்பிவிடுவன. எஞ்சியது மேலே வழிந்தோடும். வயலில் கதிர் முற்றும் காலத்தில் நெல்லைப் புகழ்வாருண்டு, கால்வாயைப் புகழ்வாருமுண்டு, அணைக்கல்லை நினைப்பவர் மிகச் சிலரே.

பாளையங்கோட்டைப் பள்ளி மைதானங்களில் மாலை வேளையிற் சிறுவர்கள் காற்பந்தாடும்போதும் இத்தகைய நிலையையே காணலாம். ஆட்டம் தொடங்குமுன் எல்லாச் சிறுவரும் முன்னணியில் நின்று கோல் அடிக்கவே விரும்புவர். பின்னணியில் நிற்பவன் யார்? பெரும்பாலும் நேரங் கழித்து வந்தவன், அல்லது எதிர்த்துப் பேச அஞ்சுபவன். பத்து முறை பந்தைத் தடுத்தாலும் அவன் பெயரை எவரும் கூவுவதில்லை. பதினோராம் முறை தவறினால் அனைவரும் அவனையே நோக்குவர்.

எவரும் விரும்பாத இந்தப் பின்னணி இடத்தையே தம் தொழிலாகக் கொண்டு, உலகக் கோப்பைப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் ஆடி, பிற்காலத்தில் இந்திய அணிக்கு ஐந்து ஆண்டுகள் பயிற்சியாளராக விளங்கியவர் இகோர் ஸ்டிமாக் என்பார். அவர் நாட்டார் தம் மொழியில் அப்பெயரை ‘ஷ்டிமாட்ஸ்’ என்று ஒலிப்பர். இந்திய நாளிதழ்கள் ஆங்கில எழுத்தைக் கண்டு ஸ்டிமாக் என்றே எழுதிப் பழகிவிட்டமையால், அப்பெயரே இந்நாட்டில் நிலைத்துவிட்டது.

அவரும் ஓர் ஆற்றங்கரையிற் பிறந்தவரே. ஐரோப்பாவின் தென்கிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் அமைந்த சிறு நாடு குரோஷியா. அங்கே நெரெத்வா என்னும் ஆறு கடலை அடையுமுன் பல கிளைகளாகப் பிரிந்து பாய்கின்றது. சதுப்பாய்க் கிடந்த அந்நிலத்தில் வாய்க்கால்கள் வெட்டி, நீரை வடித்து, ஆரஞ்சு இனப் பழத்தோட்டங்களை மக்கள் வளர்த்திருக்கின்றனர். அவ்வாற்றின் கரையிலுள்ள மெட்கோவிச் என்னும் சிறு நகரில் 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ஸ்டிமாக் பிறந்தார். அக்காலத்தில் குரோஷியா தனி நாடாக இல்லை. ஆறு குடியரசுகள் சேர்ந்த யூகோஸ்லாவியாவின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

கடலோர நகரமாகிய ஸ்பிளிட்டில் 1911-ஆம் ஆண்டு தோன்றிய ஹைதுக் என்னும் காற்பந்துக் கழகம் அந்நாட்டில் பெரும்புகழ் வாய்ந்தது. இளமையிலேயே ஸ்டிமாக் அக்கழகத்திற் சேர்ந்தார். 1987-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் இளைஞர்க்கான உலகக் காற்பந்துப் போட்டி நடைபெற்றது. அதில் யூகோஸ்லாவிய அணி கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியுடன் 1-1 என்று சமநிலையில் நின்று, பெனால்டி உதைகளில் 5-4 என வெற்றி கண்டது. அவ்வணியில் ஸ்டிமாக்குடன் ஆடிய போபன், ஷூக்கர், புரொசினெச்கி முதலியோர் பின்னாளில் உலகறிந்த ஆட்டக்காரர்கள் ஆயினர். அவர்கள் பெயர்களை நினைவிற் கொண்டவர்கள், பின்னே நின்ற இளைஞரின் பெயரை அன்று அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

அவ்விளைஞர் ஒரே அணியாகச் சென்று ஒரே கொடியின் கீழ் வென்றனர். நான்கே ஆண்டுகளில் அக்கொடியே கிழிந்துபோயிற்று.

1991-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் பெல்கிரேடு நகரில் யூகோஸ்லாவியக் கோப்பைக்கான இறுதி ஆட்டம் நடந்தது. ஒருபுறம் குரோஷியரின் ஹைதுக்; மறுபுறம் செர்பியத் தலைநகரின் செஞ்சுடர் அணியாகிய செர்வெனா ஸ்வெஸ்டா. பின்னது, அம்மாத இறுதியிலேயே ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைக் கோப்பையை வென்ற பேரணி. ஆட்டத்திற்கு ஆறு நாட்களுக்கு முன்னர்தான் குரோஷியாவின் ஒரு சிற்றூரில் துப்பாக்கிச் சண்டை மூண்டு உயிர்கள் மாய்ந்திருந்தன. நாடு பிளவுபடும் நேரம். மைதானத்தில் நின்றவர்கள் உள்ளத்தில் விளையாட்டு மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. ஸ்டிமாக்கும், எதிரணியின் சினிஷா மிஹாய்லோவிச் என்பவரும் பகைவரைப்போல் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் ஆட்டத்தினின்று வெளியேற்றினார். ஹைதுக் 1-0 என்ற கணக்கில் வென்றது. ஆயினும் அன்று தொடங்கிய மனக்கசப்பு, கோப்பையைவிட நெடுங்காலம் இருவரிடத்தும் நிலைத்திருந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்விருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் குரோஷியா தன்னைத் தனி நாடாக அறிவித்தது. போரும் தொடர்ந்தது. ஸ்டிமாக் 1992-இல் ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரக் கழகத்திற் சேர்ந்து ஆடினார். 1994-இல் ஸ்பிளிட்டுக்குத் திரும்பினார். 1995-இல் இங்கிலாந்தின் டார்பி கவுண்டி அணிக்குச் சென்றார். அப்போது அவ்வணி இரண்டாம் பிரிவு நிலையில் ஆடிக்கொண்டிருந்தது.

டார்பி அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் கேட்பதற்கே வியப்பானது. டிரான்மியர் என்னும் ஊரணியுடன் நடந்த அவ்வாட்டத்தில் ஸ்டிமாக் ஒரு கோல் அடித்தார். பின்னணி ஆட்டக்காரர் முதல் நாளிலேயே கோல் அடிப்பது பெருமைக்குரியதன்றோ? ஆனால் அவர் அணி அன்று வாங்கியவை ஐந்து கோல்கள்! 5-1 என்ற தோல்வியின்பின், ‘கோல் அடிப்பதற்கா இவரை அழைத்து வந்தோம்? தடுப்பதற்கன்றோ?’ என்று டார்பி மக்கள் எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை. அதன்பின் நிகழ்ந்ததுதான் அருமை. தொடர்ந்து இருபது ஆட்டங்களில் டார்பி அணி தோல்வியே காணவில்லை. அப்பருவத்தின் முடிவில் இரண்டாம் இடம் பெற்று, 1996-இல் முதல்நிலைப் பிரிவாகிய பிரீமியர் லீகிற்கு உயர்ந்தது. பின்னணி உறுதிப்பட்டால் முன்னணிக்குத் தானாகவே துணிவு பிறக்கும். கால்வாயில் நீர் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தாலன்றி எந்த உழவனும் நாற்றுப் பாவ மாட்டான்.

பின்னணி ஆட்டக்காரர்க்கு வேண்டிய உடல்வலி ஸ்டிமாக்கிடம் இருந்தது. உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புவதில் அவர் வல்லவர். ஆயினும் அவரைச் சிறப்பித்தது வேறொன்று. பந்தைப் பறித்தவுடன் கண்மூடித்தனமாக உதைத்தெறியாமல், தம் அணியினர் எவர் காலுக்கு அனுப்பலாம் என்று நோக்கி அனுப்புவார். தடுப்பது பாதி வேலை. திருப்பிவிடுவது மறு பாதி. அவரிடம் ஒரு குறையும் இருந்தது. சினம் மூக்கின் நுனியிலேயே இருந்தது. அதற்காக அவர் கொடுத்த விலை சிறிதன்று.

1996-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியே தனி நாடாகிய குரோஷியா கலந்துகொண்ட முதற்பெரும் போட்டி. கால் இறுதியில் ஜெர்மனியை எதிர்த்து ஆடியபோது, பிற்பாதியின் தொடக்கத்தில் ஷூக்கர் ஒரு கோல் அடித்து ஆட்டத்தை 1-1 எனச் சமமாக்கினார். அரங்கம் குரோஷியர் பக்கம் திரும்பத் தொடங்கிற்று. 56-ஆம் நிமிடத்தில் ஸ்டிமாக் தவறாக ஆடியமைக்காக நடுவர் அவரை வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர்க்கு மாற்றாக வேறொருவர் உள்ளே வர இயலாது. எஞ்சியவர் பதின்மரே ஆடுதல் வேண்டும் என்பது விதி. மூன்றே நிமிடங்களில் ஜெர்மனி இரண்டாம் கோலை அடித்தது. குரோஷியா 1-2 எனத் தோற்றுத் தாயகம் திரும்பியது. அணையில் ஒரு கல் பெயர்ந்தால் நீர் எவ்வளவு விரைவில் அவ்விடத்தைக் கண்டுகொள்ளும் என்பதற்கு அம்மூன்று நிமிடங்களே சான்று.

இரண்டாண்டுகள் சென்றன. 1998-இல் பிரான்சு நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி. அந்நாளில் ஐம்பது இலட்சத்தை எட்டாத மக்களைக் கொண்ட குரோஷியா, முதன்முறையாக அப்போட்டியில் நுழைந்தது. ஜமைக்கா, ஜப்பான், ருமேனியா ஆகிய நாடுகளை வென்றும், அர்ஜெண்டினாவிடம் ஒரு கோலில் தோற்றும், கால் இறுதியை அடைந்தது. அங்கே எதிர்நின்றது யார்? மீண்டும் ஜெர்மனியே. ஜூலை 4-ஆம் நாள் லியோன் நகரில் நடந்த அவ்வாட்டத்தில் ஸ்டிமாக் இறுதி வரை தம் நிலையை விட்டு அசையவில்லை. இம்முறை வெளியேற்றப்பட்டவர் ஜெர்மானியர் ஒருவர். குரோஷியா 3-0 என்று வென்றது.

அரை இறுதியில் பிரான்சிடம் 1-2 எனத் தோற்றாலும், மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் நெதர்லாந்தை 2-1 என வென்று குரோஷியா பதக்கம் பெற்றது. அப்போட்டியில் மிகுதியான கோல்களை அடித்தவர் என்ற பெருமை ஷூக்கருக்குக் கிடைத்தது; அவர் அடித்தவை 6. உலகம் அவ்வெண்ணையே இன்றும் கூறுகின்றது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்துக் குரோஷியா வாங்கிய கோல்கள் ஐந்தே என்பதும், மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட வாங்கவில்லை என்பதும் கணக்கேட்டைப் புரட்டுவார்க்கே தெரியும்.

டார்பிக்குப் பின் வெஸ்ட் ஹாம் கழகத்தில் இரண்டாண்டுகள் ஆடிவிட்டு, 2002-ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய ஹைதுக் கழகத்திலேயே ஸ்டிமாக் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். குரோஷிய நாட்டு அணிக்காக அவர் ஆடியவை 53 ஆட்டங்கள். அடித்த கோல்கள் இரண்டு.

களத்தினின்று நீங்கிய ஆட்டக்காரர் பலர் பயிற்சியாளராக விரும்புவதுண்டு. களத்தில் நிற்பவன் ஓடிச்சென்று பந்தைத் தடுக்கலாம். பயிற்சியாளரோ வெள்ளைக்கோட்டிற்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். பின்னணி ஆட்டக்காரராய் இருந்தவர்க்கு இவ்வேலையில் ஒரு பழக்கம் முன்பே இருக்கும். வென்றால் புகழ் ஆடியவர்க்கு, தோற்றால் பழி பயிற்சியாளர்க்கு என்ற வழக்கம் அவர்க்குப் புதியதன்று.

குரோஷியக் கழகங்கள் சிலவற்றிற்குப் பயிற்சியளித்தபின், 2012-இல் ஸ்டிமாக் தம் நாட்டு அணிக்கே பயிற்சியாளராக அமர்ந்தார். அடுத்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் குரோஷியாவும் செர்பியாவும் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டன. செர்பிய அணியின் பயிற்சியாளர் யார் என்று நினைக்கின்றீர்கள்? அந்தச் சினிஷா மிஹாய்லோவிச்சே! இரு நாட்டு மக்களும் பழைய புண்ணை மறவாதவர்கள். கலகம் நேரலாம் என்று அஞ்சி, எதிர்நாட்டு ரசிகர் எவரையும் அரங்கினுள் விடுவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. ஆயினும் அவ்விரு மனிதரும் அதற்குள் தம் பகையை முடித்துக்கொண்டிருந்தனர். ஒருவரையொருவர் கண்டு கைகுலுக்கினர். மக்கள் அமைதி காக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். 2013 மார்ச் 22-ஆம் நாள் சாக்ரெப் நகரில் நடந்த ஆட்டத்தில் குரோஷியா 2-0 என வென்றது. வெற்றியின் கணக்கைவிட அந்தக் கைகுலுக்கல் பெரிதென்று கருதியவர்கள் இரு நாட்டிலும் உண்டு.

பயிற்சியாளர் பதவி நிலையானதன்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் தோல்விகள் தொடர்ந்தன. அக்டோபரில் ஸ்காட்லாந்திடம் தோற்றவுடன் ஸ்டிமாக் பதவி இழந்தார். பிறகு ஈரானிலும் கத்தாரிலும் கழக அணிகளுக்குப் பயிற்சியளித்தார். 2019-ஆம் ஆண்டு மே மாதம் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

இந்தியக் காற்பந்தாட்டத்திற்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஸ்டிமாக் வந்தபோது அது மிகப் பழைய கதையாகிவிட்டது. உலக நாடுகளின் தரவரிசையில் இந்தியா அப்போது 101-ஆம் இடத்தில் இருந்தது.

புதிய பயிற்சியாளர் முதலில் செய்த வேலை, பலர்க்கும் வாய்ப்பளித்துப் பார்த்ததாகும். அவர் காலத்தில் தமிழ்நாட்டினர் சிலரும் நாட்டு அணியில் இடம் பெற்றனர். திருநெல்வேலிக்குத் தெற்கே, குமரி மாவட்டக் கடற்கரையில் மணலில் பந்துதைத்து வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் அவர்களுள் ஒருவர். சென்னை நந்தகுமார் மற்றொருவர்.

2019 செப்டம்பர் 5-ஆம் நாள் கௌகாத்தியில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று தொடங்கியது. ஓமன் நாட்டுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியா முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் இரு கோல்களை வாங்கி 1-2 எனத் தோற்றது. அடுத்த ஆட்டம் ஐந்து நாட்களில். அதுவும் யாருடன்? அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஜப்பானை வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தாருடன், அவர்தம் தலைநகராகிய தோஹாவிலேயே. சில நாட்களுக்கு முன்னர்தான் கத்தார் ஆப்கானித்தானத்தை 6-0 என்று வென்றிருந்தது. இந்தியாவுக்காக மிகுதியான கோல்களை அடித்த தலைவர் சுனில் சேத்ரியோ காய்ச்சலால் ஆட இயலாமற் போனார். எத்தனை கோல்களில் இந்தியா தோற்கும் என்பதே பேச்சாயிருந்தது.

செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு. அணித் தலைவராய் நின்றவர் ஆறரையடி உயரமுள்ள கோல் காவலர் குர்பிரீத் சிங் சந்து. அவர்க்கு முன்னே நடுப் பின்னணியில் சந்தேஷ் ஜிங்கானும் ஆதில் கானும். தொடக்கம் முதலே கத்தார் அணியினர் அலை அலையாய் வந்தனர். இடப்புறம் தடுத்தால் வலப்புறம். வலப்புறம் தடுத்தால் நடுவே. இருபதுக்கும் மேற்பட்ட முறை அவர்கள் கோலை நோக்கிப் பந்தை உதைத்தனர். சில உயரே சென்றன. சில பின்னணியாரின் கால்களிலும் மார்பிலும் பட்டு விலகின. எஞ்சியவற்றை குர்பிரீத் தாவியும் பாய்ந்தும் கையால் தட்டிவிட்டார். வாய்ப்புக் கிடைத்தபோது இந்தியர் முன்னேறவும் தவறவில்லை. தொண்ணூறு நிமிடங்கள் கடந்து, கூடுதல் நேரமும் முடிந்து, நடுவர் ஊதியபோது கணக்குப் பலகையில் இரு பக்கமும் பூஜ்யமே இருந்தது.

கோல் விழாத ஆட்டம் சுவையற்றது என்பார் உண்டு. அவர்கள் அன்று தோஹாவில் இருந்திருத்தல் வேண்டும். ஆசியாவின் வெற்றியணி தன் சொந்த மண்ணில் ஒரு கோலும் அடிக்க இயலாமல் தலைகுனிந்து சென்றது. ஆடாத சேத்ரி தொலைவிலிருந்து மகிழ்ந்தார். கோட்டிற்கு வெளியே நின்ற ஸ்டிமாக், தாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த வேலையை தம் அணியினர் செய்து முடித்ததைக் கண்டார்.

இவ்வுயர்வு நீடிக்கவில்லை. அடுத்த மாதமே ஜிங்கான் முழங்காலில் காயமுற்று நெடுநாள் ஆடாமலிருக்க நேர்ந்தது. வங்காள தேசத்துடனும் ஆப்கானித்தானத்துடனும் வெல்ல வேண்டிய ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்டமே நின்றது. மீண்டும் தொடங்கியபோது, 2021 மார்ச்சில் ஐக்கிய அரபு நாட்டிடம் இந்தியா 0-6 எனத் தோற்றது. அணையைக் கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும்; உடைவதற்கு ஓரிரவு போதும். அவ்வாண்டு அக்டோபரில் தெற்காசியக் கோப்பையை வென்றும், 2022-இல் கொல்கத்தாவில் மூன்று ஆட்டங்களையும் வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றும் அணி மறுபடி நிமிர்ந்தது.

ஸ்டிமாக்கின் பயிற்சி கனிந்த காலம் 2023-ஆம் ஆண்டின் முற்பகுதி. மார்ச்சில் இம்பாலில் இரண்டு, ஜூனில் புவனேசுவரத்தில் நான்கு, பின்பு பெங்களூரில் இரண்டு என எட்டு ஆட்டங்களில் இந்திய அணி ஒரு கோலும் வாங்கவில்லை. மியான்மர், கிர்கிசுதான், மங்கோலியா, வனுவாட்டு, லெபனான், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய ஏழு நாட்டாரும் முயன்று பார்த்தனர். லெபனான் இருமுறை முயன்றது. ஒன்பதாம் ஆட்டம் குவைத்துடன். இந்தியா 1-0 என முன்னின்றது. ஆட்டம் முடிய மிகச் சில நிமிடங்களே இருந்தன. அப்போது எதிரணியார் அனுப்பிய பந்தை விலக்க முயன்ற இந்தியப் பின்னணி ஆட்டக்காரர் அன்வர் அலியின் காலில் பட்டு, அது தம் கோலுக்குள்ளேயே சென்றுவிட்டது. பகைவர் எவராலும் அடிக்க முடியாத கோலை நம்மவரே அடித்தனர். பின்னணியில் நிற்பவர்க்கு நேரும் துன்பங்களுள் இதைவிடக் கொடியது இல்லை.

அதே போட்டியில் ஸ்டிமாக்கின் பழைய குணமும் தலைகாட்டியது. பாகிஸ்தானுடன் ஆடியபோது, எதிரணி வீரர் கோட்டருகே நின்று பந்தை உள்ளே எறிய முற்பட்டார். அருகில் நின்ற பயிற்சியாளர் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி அப்பந்தைத் தட்டிவிட்டார். பந்தைத் தடுத்தே பழகிய உடம்பு, ஐம்பத்தைந்து வயதிலும் அப்பழக்கத்தை விடவில்லை போலும். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். குவைத்து ஆட்டத்திலும் மற்றொரு சிவப்பு அட்டை கிடைத்தது. அதன் பயனாக அரை இறுதியிலும் இறுதி ஆட்டத்திலும் அவர் அணியின் அருகே நிற்கத் தடை விதிக்கப்பட்டது. துணைப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லி அப்பொறுப்பை ஏற்றார். அவரும் முன்னர் இந்தியப் பின்னணியில் ஆடியவரே. இரு ஆட்டங்களும் பெனால்டி உதைகளால் முடிவாயின. இரண்டிலும் இந்தியா வென்றது. கோப்பை வந்த வேளையில் பயிற்சியாளர் களத்தோரத்தில் இல்லை. பயிற்சியாளரின் கண்டிப்பு மாணவர்க்கு மட்டும் உரியதன்று என்று அன்று சிலர் கூறினர், அக்கூற்றில் பிழையில்லை. அவ்வாண்டு ஜூலையில் தரவரிசையில் இந்தியா 99-ஆம் இடத்திற்கு உயர்ந்தது.

2024-ஆம் ஆண்டு வேறு வகையாய் அமைந்தது. ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்றினிடமும் இந்தியா தோற்றது. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஒரு கோலும் அடிக்கவில்லை. காப்பது மட்டும் போதாது என்பதை அம்மூன்று ஆட்டங்கள் நன்கு உணர்த்தின. மார்ச்சில் கௌகாத்தியில், சேத்ரியின் 150-ஆம் ஆட்டத்தில், தரவரிசையில் மிகத் தாழ்ந்திருந்த ஆப்கானித்தானம் இந்தியாவை 2-1 என வென்றது. ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 எனச் சமநிலை. அன்றோடு சேத்ரி நாட்டு அணியினின்று விடைபெற்றார்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்திற்கு இந்தியா ஒருபோதும் சென்றதில்லை. அதற்கு ஒரே ஆட்டம் எஞ்சியிருந்தது. ஜூன் 11-ஆம் நாள், அதே தோஹாவில், அதே கத்தாருடன். வென்றால் வழி திறக்கும். 37-ஆம் நிமிடத்தில் மிசோரம் இளைஞர் சாங்டே கோல் அடித்தார். இந்தியா 1-0. பிற்பாதியிலும் நெடுநேரம் அக்கணக்கு மாறவில்லை. 73-ஆம் நிமிடத்தில் கத்தார் வீரர் ஒருவர் தலையால் முட்டிய பந்தை குர்பிரீத் தடுத்தார். பந்து கோல் கம்பத்திற்கு அப்பால், எல்லைக்கோட்டைக் கடந்து வெளியே உருண்டது. அவ்வளவில் ஆட்டம் நின்றிருத்தல் வேண்டும். எதிரணியார் ஒருவர் அதனைக் காலால் உள்ளே இழுத்தார். மற்றொருவர் கோலுக்குள் உதைத்தார். வெளியே போன பந்தென்று நின்றுவிட்ட இந்தியர் திகைத்தனர். நடுவர் கோல் என்று அறிவித்தார். படப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் ஏற்பாடு அவ்வாட்டத்தில் இல்லை. இந்தியர் முறையிட்டும் பயனில்லை. மனம் கலங்கிய அணி 85-ஆம் நிமிடத்தில் இன்னொரு கோலையும் வாங்கியது.

ஐந்தாண்டுகளுக்குமுன் ஒரு பந்தையும் உள்ளே விடாத ஊரில், வெளியே போன பந்தே உள்ளே வந்துவிட்டது. பதிவேட்டில் கத்தார் 2, இந்தியா 1 என்று எழுதப்பட்டது.

ஆறு நாட்கள் கழித்து, ஜூன் 17-ஆம் நாள், அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் ஸ்டிமாக்கைப் பதவியினின்று நீக்கியது. அவர் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. தரவரிசையில் இந்தியா அப்போது 121-ஆம் இடத்திற்கு இறங்கியிருந்தது. அந்தத் தவறான கோல் இல்லாதிருந்தால் அவர் நிலைத்திருப்பார் என்பார் சிலர். ஆப்கானித்தானத்திடம் தோற்ற நாளிலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்பார் வேறு சிலர். இரண்டாவது கருத்தே உண்மைக்கு நெருங்கியதாகத் தோன்றுகின்றது. ஒரு பந்தின்மேல் பழியைச் சுமத்திவிட்டு ஓராண்டுக் குறைகளை மறைப்பது முறையாகாது.

குரோஷிய அணிக்காக ஸ்டிமாக் ஆடிய ஆட்டங்கள் 53. அவர் பயிற்சியில் இந்திய அணி ஆடிய ஆட்டங்களும் 53.